ஆர்லின் கிம்ப்ரெல் கைதான செய்தி

எங்கள் பார்லோ மாவட்டத்தில் காலைக் காப்பியோடு எல்லோரும் படிப்பது இரண்டு விஷயங்கள். முதலில் இறந்தவர் யார் என்று பார்ப்பார்கள், பிறகு கைதானவர் யார் என்று பார்ப்பார்கள். மாவட்டப் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் சிறைப் பட்டியல் தினமும் வரும். பெயர், வயது, குற்றச்சாட்டு, கூடவே தூங்கி எழுந்த முகத்தோடு ஒரு படம். கைதானவன் குற்றவாளி என்று அர்த்தமில்லை என்று பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்த வரியைப் படித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெல்டா கிம்ப்ரெல் அந்தப் பட்டியலை எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, பேருந்தைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு நேராக வருவாள். அவள் வீடு இருக்கும் பள்ளத்தில் இணையம் கிடையாது. நூலகத்தில் வேலைக்கு இருப்பது நான் ஒருத்திதான் என்பதால், அவள் என்ன பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்தவன் வீட்டு அழுக்கை மோந்து பார்க்கிற கிழவி என்று பேசிக்கொண்டார்கள்.

தீவனக்கடை டாய்ல் ஒருநாள் செய்தித்தாள் படிக்க வந்தவர், அவள் காதில் விழும்படியே கேட்டார்.

"என்ன மிஸ் வெல்டா, இன்னைக்கு யார் யார் உள்ள போயிருக்காங்க?"

"உங்க பேரைத்தான் தேடுறேன் டாய்ல். இன்னும் வரல. ஷெரிஃபு ரொம்ப மெத்தனம்."

டாய்ல் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. திரையில் அடுத்த மாவட்டத்தின் பட்டியலைத் திறந்தாள். அதன்பின் அதற்கடுத்தது. சுற்றியிருக்கிற மாவட்டங்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அவள் தேடியது தன் மகனை. டேரல் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தவன். நல்ல உழைப்பாளி. ஒருநாள் கட்டை உருண்டு முதுகில் அடிபட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. பிறகு மாத்திரை கிடைக்காதபோது அதைவிட மோசமானது வந்தது. அவன் அப்பா ஆர்லின் மாரடைப்பில் போனபோது, அடக்கத்துக்கு அரைமயக்கத்தில் வந்து, கல்லறை ஓரமாகவே நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போனவன்தான். ஒரு சில்லறை வழக்கில் நீதிமன்றத்துக்கு வராததால் அவன் பேரில் வாரண்டும் இருந்தது. தொலைபேசி இல்லை, முகவரி இல்லை. எங்கோ பாலத்தடியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். டெக்சஸ் போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார்.

"ஏன் வெல்டா, அவன் ஜெயில்ல இருக்கணும்னா ஆசைப்படுற?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"ஜெயில்னா ஒரு கட்டில் இருக்கு ஜெனீன். மூணு வேளை சோறு இருக்கு. எல்லாத்துக்கும் மேல, இந்த ஆள் உசிரோட இருக்கான்னு அரசாங்கமே எழுதிப் போடுது. அது போதாதா எனக்கு?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வரும் நேரத்துக்கு ஜன்னலோரக் கணினியை நான் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை. வெளியே பனி கரைந்து கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் குழந்தைகள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெல்டாவின் குரல் கேட்டது. மெதுவாக, ரொம்ப நிதானமாக.

"ஜெனீன், இங்க வா. என் வீட்டுக்காரரைப் புடிச்சிட்டாங்க."

பக்கவாதம் வந்தவர்கள் இப்படி உளறுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். அவள் விரல் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கெல்சோ மாவட்டத்தின் பட்டியல் அது. அங்கே படம் போடுவதில்லை, வெறும் பெயர்கள்தான். நடுவில் ஒரு வரி: கிம்ப்ரெல், ஆர்லின் வைலி. வயது முப்பத்தொன்று. அத்துமீறி நுழைந்தது.

"வேற யாராவது இருக்கும் வெல்டா. பேர் ஒத்துப்போறதுதானே."

"கிம்ப்ரெல்னு ஆயிரம் பேர் இருக்கலாம். ஆர்லின்னு கூட இருக்கலாம். நடுவுல வைலின்னு வைக்கிற பைத்தியம் என் மாமனார் ஒருத்தர்தான்." அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "அப்பன் பேரைச் சொல்லியிருக்கான் பாரு. வயசுல வேற ஒண்ணைக் கொறச்சிருக்கான், கழுதை."

கெல்சோ சிறைக்குத் தொலைபேசினோம். பதிவு விவரம் வேண்டுமென்றால் நேரில் வந்து கேட்க வேண்டும் என்றார்கள். வெல்டா எழுந்து நின்றாள், உடனே உட்கார்ந்தாள். எத்தனையோ மழையிலும் பனியிலும் பேருந்து நிறையப் பிள்ளைகளை வைத்து வளைவு வளைவாக ஓட்டுகிறவள், அன்று சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டு, "நீ ஓட்டு" என்றாள். நான் நூலகக் கதவில் 'மதியம் விடுமுறை' என்று எழுதி ஒட்டிவிட்டு என் காரை எடுத்தேன். அவள் பள்ளிக்குத் தொலைபேசி, மதிய நடைக்கு வேறொரு ஓட்டுநரை அனுப்பச் சொன்னாள். அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கெல்சோ சிறை நீதிமன்றத்துக்குப் பின்னால், எரிவாயு உருளை விற்கிறவன் முற்றத்தை ஒட்டி, தட்டையான செங்கல் கட்டடம். உள்ளே தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வயதான அம்மாள், கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் மூக்குக்கண்ணாடி. பெயர்ப்பட்டையில் ஓபல் என்றிருந்தது. பீச் பழப் பணியாரம் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஆர்லின் கிம்ப்ரெலோட கைதுப் பதிவு வேணும்," என்றேன்.

"வக்கீலா?"

"இல்ல."

"சொந்தமா?"

நான் வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வந்ததை எடுத்துவிட்டேன். "இது பொது ஆவணம். யார் கேட்டாலும் தரணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது."

ஓபல் விரலை நக்கிக்கொண்டாள். "சட்டம் எனக்கும் தெரியும் கண்ணு. தராம இருக்கப் போறேன்னு யார் சொன்னது? இந்தக் கூண்டுக்குள்ள காலையிலேர்ந்து ஒரு மனுஷ முகம் பாக்கல. பேச்சுத் துணைக்குக் கேட்டேன்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் ஒரு தாளை அச்செடுத்து, கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.

படத்தில் இருந்தவனை நான் டேரல் என்று சொல்லியிருக்க மாட்டேன். தாடிக்குள் புதைந்த முகம், குழிவிழுந்த கன்னம். ஆனால் கீழே அடையாளங்கள் எழுதியிருந்தன. முன்பல் ஒன்று இல்லை. இடது கையில் பச்சை குத்திய நாய், அதன் கீழே 'பிஸ்கட்' என்ற சொல். பிஸ்கட் அவன் சின்ன வயதில் வளர்த்த நாய். அது என் அம்மாவின் கோழிகளைத் தின்ற கதை எனக்கே நினைவிருக்கிறது.

வெல்டா படத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவள் விரல் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது. அவசரத்துக்கு யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

"யாரும் இல்லையாம்," என்றாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

ஓபல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "பழைய தேவாலயத்துல படுத்திருந்தான். குளிருக்கு ஒதுங்கினான் போல. யாரையும் ஒண்ணும் பண்ணல. நாளைக்குக் காலையில கோர்ட்டு. விரல் ரேகை மெஷின் வேற ரிப்பேரு, ஆளைச் சரிபாக்க முடியல. பெரும்பாலும் திட்டிட்டு விட்டுருவாங்க," என்றாள்.

நாங்கள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு ரொம்பச் சந்தோஷம். "கேட்டியா? நாளைக்கு விட்டுருவாங்க. வாய மூடிக்கிட்டு வாசல்ல நிப்போம். கார்ல ஏத்திட்டுப் போயிடலாம்."

வெல்டா தலையை ஆட்டினாள். "ஏற மாட்டான் ஜெனீன். என்னைப் பாத்தா பின்பக்கமா ஓடுவான். அந்த மலைச்சரிவுல அடுத்த தடவை குளிருக்கு ஒதுங்க இடம் கெடைக்காது."

"அப்ப உள்ள போய் உண்மையைச் சொல்லிடு. இவன் டேரல், வாரண்டு இருக்குன்னு. பிடிச்சு வெச்சுப்பாங்க."

"பெத்தவளே காட்டிக் கொடுத்தான்னு ஆயிடும். அதுக்கப்புறம் ஜெயில்லேர்ந்து வந்தாலும் என்கிட்ட வர மாட்டான்."

சொன்னால் சிறை, சொல்லாவிட்டால் தெரு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. எரிவாயுக்காரன் முற்றத்தில் யாரோ உருளைகளை உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெல்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பேரு அவனோடது. சொல்லணும்னா அவன்தான் சொல்லணும்."

மறுபடி ஜன்னலுக்குப் போனாள். "நான் அவரைப் பாக்கணும்."

"பார்வை நேரம் சனி, ஞாயிறுதான் தாயி. உறவு என்னன்னும் எழுதணும்."

"ஆர்லின் வைலி கிம்ப்ரெலோட சம்சாரம்னு எழுதிக்குங்க. கர்த்தர் சாட்சியா அது பொய்யில்ல. கல்யாணப் பத்திரம் வீட்ல இருக்கு."

ஓபல் தொங்கிய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். தாளில் முப்பத்தொன்று என்ற வயதைப் பார்த்தாள். வெல்டாவின் நரைத்த தலையைப் பார்த்தாள்.

"ரொம்ப இளசா புடிச்சிருக்கீங்களே."

"பாக்கத்தான் இளசு. உள்ளுக்குள்ள கெட்டுப் போயிருக்காரு," என்றாள் வெல்டா. சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

ஓபல் பணியாரத்தைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே போய் யாரிடமோ பேசினாள். திரும்பி வந்து, "சார்ஜண்ட் நல்ல மனுஷன். அவனுக்கும் ஒரு அம்மா இருக்கா. கொஞ்ச நேரம்தான். உள்ள வாங்க," என்றாள்.

நான் சுவரோரம் நின்றேன். வெல்டா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. அவனுக்குப் போட்டிருந்த சிறை உடையில் இன்னொரு ஆள் நுழையலாம் போலிருந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை போலும். வெல்டாவைப் பார்த்ததும் அப்படியே திரும்பிக் கதவைப் பார்த்து நின்றான். வெல்டா மோதிர விரலால் கண்ணாடியை டொக் டொக் என்று தட்டினாள். பேருந்தில் பின்வரிசையில் சேட்டை செய்கிற பிள்ளைகளுக்குத் தட்டுவது போல. அவன் வந்து உட்கார்ந்தான். பேசுவதற்குச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுத்தான், அவளும் எடுத்தாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?" அந்தப் பக்கத்துக் குரலும் எனக்கு லேசாகக் கேட்டது.

"எப்படியா? செத்துப்போன உங்கப்பா வேலி தாண்டிக் குதிச்சு அத்துமீறி நுழைஞ்சாருன்னு ஊரெல்லாம் போட்டிருக்கான். உசிரோட இருக்கும்போதே அவருக்கு முட்டிவலி. மாடிப்படி ஏற மாட்டார்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததும் இல்லாத பல்லைக் கையால் மூடிக்கொண்டான்.

"ஏன்டா அவர் பேரைச் சொன்ன?"

"என் பேர்ல வாரண்டு இருக்கு. யாருடான்னு கேட்டாங்க. வாயில அதுதான் வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்குத் தெரிஞ்ச நல்ல பேரு அது ஒண்ணுதாம்மா."

வெல்டா தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள். "சரி, அது போகட்டும். யாருமே இல்லைன்னு எழுதி வெச்சிருக்கியே, அது என்ன? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"இந்த மாதிரி ஒரு போன் உனக்கு வரக் கூடாதுன்னுதான்."

"அடப் பாவி, இந்த போனுக்குத்தான்டா நான் காத்துக்கிட்டிருக்கேன்! எனக்கு வரக்கூடியது ரெண்டே ரெண்டு போன். ஒண்ணு இது. இன்னொண்ணு பொணவறையிலேர்ந்து. எது வரணும்னு நான் முட்டி போட்டு ஜெபம் பண்ணினேன்னு நெனைக்கிற?"

அவன் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டான். அவளும் சாய்ந்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

சார்ஜண்ட் கதவைத் திறந்தபோது வெல்டா அவசரமாகப் பேசினாள். "கேளு. நான் இங்க யார்கிட்டயும் உன் பேரைச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நாளைக்கு ஜட்ஜு உன்னைக் கேப்பாங்க. என்ன சொல்றதுங்கறது உன் இஷ்டம். எதைச் சொன்னாலும் நான் அங்க பெஞ்சுல உக்காந்திருப்பேன். உன் கூடப் பொறந்த பல்லு ஒண்ணுதான் போயிருக்கு. மத்ததெல்லாம் இருக்கு."

மறுநாள் காலை நாங்கள் நீதிமன்றத்தில் இருந்தோம். வெல்டா தேவாலயத்துக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். நீதிபதி ஒரு அம்மாள், சளி பிடித்து இருமிக்கொண்டே இருந்தார். திருட்டு வேட்டைக்காரன், குடிகாரன் என்று சிலரை அனுப்பிவிட்டு, "ஆர்லின் கிம்ப்ரெல்" என்று கூப்பிட்டார்.

டேரல் எழுந்தான். அவனுக்காக நியமித்த இளம் வழக்கறிஞர், "மன்னிப்புக் கேட்டுக்கறார் கனம் நீதிபதி அவர்களே, அபராதமா..." என்று ஆரம்பித்தார்.

டேரல் பின்னால் திரும்பி ஒருமுறை பார்த்தான். வெல்டா அசையவில்லை. அவள் கை என் கையை நொறுக்கிக்கொண்டிருந்தது.

"அது என் பேர் இல்லைங்கம்மா," என்றான்.

நீதிபதி கைக்குட்டையைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"அது எங்கப்பா பேரு. அவர் தவறிட்டார். நான் டேரல் கிம்ப்ரெல். பார்லோவுல என் பேர்ல வாரண்டு இருக்கு."

"இப்படியெல்லாம் பேசக் கூடாதுன்னு உங்க வக்கீல் சொல்லலையா?"

"அவருக்கே இப்பத்தாங்கம்மா தெரியும்."

யாரோ சிரித்தார்கள். வழக்கறிஞர் காகிதங்களைப் புரட்டினார், அதில் எதுவும் இல்லாவிட்டாலும். நீதிபதி டேரலை நெடுநேரம் பார்த்தார்.

"பொய்ப் பேர் சொன்னது தனிக் குற்றம். தெரியுமில்ல? வாயைத் திறக்காம இருந்திருந்தா இந்நேரம் வெளிய இருந்திருப்பீங்க."

"தெரியும்மா. வெளிய இருந்து பாத்தாச்சு."

அவனைப் பார்லோவுக்கு மாற்றச் சொல்லி உத்தரவிட்டார். பொய்ப் பேர் வழக்கை ஒதுக்கி வைத்து, அங்கே போதை மீட்புத் திட்டத்தில் சேர்க்கும்படி தானே குறிப்பு எழுதுவதாகச் சொன்னார். அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது வெல்டா எழுந்து நின்றாள். கை காட்டவில்லை. அவன் பார்க்கும்படி நின்றாள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அவன் பெயர் எங்கள் மாவட்டப் பட்டியலில், படத்தோடு வந்தது. ஊர் முழுக்கக் காப்பியோடு படித்திருக்கும். வெல்டா வழக்கம்போல நூலகத்துக்கு வந்தாள், ஆனால் கணினிப் பக்கம் போகவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கதவு திறந்து டாய்ல் வந்தார். இந்த மனுஷன் ஏதாவது சொல்லட்டும், இன்றைக்கு வெளியே தள்ளிவிடுவது என்று தயாரானேன்.

டாய்ல் தொப்பியைக் கழற்றினார். "மிஸ் வெல்டா, பையன் பேரைப் பாத்தேன்."

"ம்."

"இருக்கானே. அது போதும்." தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மத்த மாவட்டத்து லிஸ்டெல்லாம் எப்படிப் பாக்கறதுன்னு எனக்குக் காட்டித் தர முடியுமா? என் தங்கச்சி பொண்ணு... கோடையிலேர்ந்து ஒரு தகவலும் இல்ல."

வெல்டா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. பேர் என்ன? எழுத்துப் பிழையோடயும் தேடிப் பாக்கணும், அவங்க கண்டபடி எழுதுவாங்க," என்றாள்.

அந்தப் பெண் இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது இன்னும் சிலரும் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நான் ஒரு பாத்திரம் காப்பி போட்டு வைக்கிறேன்.

டேரலுக்கும் எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. மீட்பு இல்லத்தில் ஒருமுறை சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி, நெடுஞ்சாலை வரை நடந்துவிட்டான். அங்கே பெட்ரோல் நிலையத்தில் தொலைபேசியை இரவல் வாங்கி வெல்டாவைக் கூப்பிட்டான். "நில்லு, வரேன்" என்று அவள் சொன்னாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அவனே திரும்பி நடந்து இல்லத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் வீட்டுக்கு வந்தான். எடை கூடியிருக்கிறது. டயர் கடையில் வேலை. பல் கட்டவில்லை, ஆனால் கையால் மூடுவதை விட்டுவிட்டான்.

போன ஞாயிறு தேவாலயம் முடிந்து அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். வெல்டா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். டேரல் கூரைமேல் உட்கார்ந்து புதுத் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். மேற்கே மேகம் கறுத்தது. வெல்டா கரண்டியோடு வாசலுக்கு வந்து அண்ணாந்து கத்தினாள்.

"எறங்குடா, மழை வருது! மீன் ஆறுது!"

"இன்னும் ரெண்டு ஆணிம்மா!"

"அந்த ரெண்டு ஆணிய நாளைக்கு அடிச்சா மேகம் கோவிச்சுக்குமா?"

"நாளைக்கு வேலை இருக்குல்ல!" என்றான் மேலேயிருந்து, சுத்தியலை ஓங்கிக்கொண்டு.

அவள் என்னைப் பார்த்து, "திமிரப் பாரு," என்றாள். பிறகு உள்ளே போய் அவனுக்கு இன்னொரு மீனை எடுத்துச் சட்டியில் போட்டாள்.